எரிமலை ஓரத்திலும் மஃபாத் பள்ளத்திலும் பெட்டி தேடுவது: கேள்வி பதில்

ஜியோகேச்சிங் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை (இதற்குத்தான் கேச் என்று பெயர்) ஜிபிஎஸ் எண்ணை வைத்து மற்றவர் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு அதே இடத்தில் வைக்கிற விளையாட்டு இது. 2000 மே மாதம் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்தியது. அதற்கு அடுத்த நாளே முதல் பெட்டி வைக்கப்பட்டது. இந்தியப் பெருங்கடல் தீவுகளான ரீயூனியனிலும் மொரீஷியஸிலும் இருக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளும், ரீயூனியன் மலைகளை நன்றாகத் தெரிந்த அக்காவின் பதில்களும் கீழே. கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

செயின்ட் ஆந்த்ரே: அக்கா, கேச் பக்கத்தில் S 21° 14.600 E 055° 42.500 என்று இருந்தது. போன் மேப்பில் 21.14600, 55.42500 என்று போட்டேன். அரேபியப் பாலைவனத்தைக் காட்டுகிறது!

இரண்டு தப்பு ஒன்றாக நடந்திருக்கிறது தம்பி. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே. S-க்குப் பதில் முன்னால் மைனஸ் போடாவிட்டால் மேப் உங்களை வடக்கே தூக்கிக்கொண்டு போய்விடும். அடுத்தது, 14.600 என்பது டிகிரியின் தசமம் இல்லை, நிமிடம். அதை 60-ஆல் வகுக்கவேண்டும்: 14.6 ÷ 60 = 0.24333. அதேபோல 42.5 ÷ 60 = 0.70833. ஆகவே போடவேண்டியது -21.24333, 55.70833. அது பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலையின் உச்சி. மைனஸை மட்டும் போட்டு வகுக்காமல் விட்டிருந்தால் சிலாவோஸ் பக்கம், சுமார் 30 கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள். அந்தத் தப்புதான் இன்னும் மோசம், பார்ப்பதற்குச் சரி மாதிரியே இருக்கும். கேச் செயலிக்குள்ளேயே எண்ணைத் திறந்தால் இந்தத் தொல்லை கிடையாது. புதிரை அவிழ்த்தால்தான் இடம் தெரியும் கேச்சில், விடையைக் கையால் தட்டும்போதுதான் சிக்கிக்கொள்கிறார்கள்.

லெ போர்: மஃபாத்தில் அம்புக்குறி ஒரே இடத்தில் நிற்காமல் சுற்றுகிறதே?

இரண்டு காரணம். மஃபாத் மலைகள் சூழ்ந்த பள்ளம், சுற்றிலும் நிற்கும் செங்குத்துச் சுவர்கள் வானத்தில் பாதியை மறைக்கின்றன, சிக்னலும் பாறையில் பட்டுத் திரும்பி வருகிறது. 20, 30 மீட்டர் பிசகுவது சகஜம். இன்னொன்று, பசால்ட் பாறையில் இரும்புத் தாது உண்டு, போன் திசைகாட்டியை அது இழுக்கும். அதனால் அம்பை நம்பவேண்டாம், மீதித் தூரத்தைப் பாருங்கள். 20 மீட்டர் நேராக நடந்து, தூரம் குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்தால் அதே திசை. 10 மீட்டருக்குள் வந்ததும் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். இயற்கையாக விழுந்த கல் ஒன்றன்மேல் ஒன்று அழகாக உட்காராது. அப்படி உட்கார்ந்திருக்கும் கல்லுக்கு அடியில் பெரும்பாலும் பெட்டி இருக்கும்.

செயின்ட் பியேர்: எரிமலைக்குள்ளே பெட்டி இருக்கிறதா? எப்படிப் போவது?

அங்கே தேடவேண்டியது எர்த்கேச். பெட்டி, தாள் எதுவும் கிடையாது. இடத்துக்குப் போய்ப் பாறையையோ குழம்பு ஓடிய தடத்தையோ பார்த்து, கேட்ட கேள்விக்கு விடையை அதன் உரிமையாளருக்கு எழுதி அனுப்பவேண்டும். சிலர் உங்கள் புகைப்படமும் கேட்பார்கள். அந்தப் பகுதி 2007-இல் அமைந்த தேசியப் பூங்காவின் மையப் பகுதி, 2010 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. அனுமதியில்லாமல் அங்கே டப்பா வைக்கக் கூடாது. எர்த்கேச்தான் பொருத்தம்.

கார் பா தெ பெல்கோம்ப் என்ற இடம் வரை போகும், உயரம் 2,311 மீட்டர். அங்கே ஒரு கேட். வெடிப்பு நடந்தாலோ எச்சரிக்கை விட்டாலோ பூட்டிவிடுவார்கள், அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். திறந்திருந்தால் படிகளில் இறங்கி அடிவாரத்துக்கு வரலாம். ஃபோர்மிகா லியோ என்ற சின்னக் கூம்பு அங்கிருந்து பக்கம்தான், முதல் தடவைக்கு அதுவே போதும். பாதையைக் காட்டுவது பாறையில் அடித்த வெள்ளைப் பெயின்ட் மட்டும். மேகம் வந்து உட்கார்ந்தால் அடுத்த வெள்ளைக் குறி தெரியாது. அப்போது நின்ற இடத்திலேயே காத்திருங்கள், ஜிபிஎஸ் காட்டும் நேர்கோட்டில் குறுக்கே நடக்காதீர்கள். ஆறிய எரிமலைக் குழம்பின் ஓட்டுக்கு அடியில் சில இடம் பொந்தாக இருக்கும், மிதித்தால் உடையும்.

மேகம் பெரும்பாலும் காலை பத்து மணிக்கு மேல் ஏறும். விடியும்போது கேட்டில் இருங்கள். வழவழவென்று கயிறு முறுக்கிய மாதிரி இருக்கும் எரிமலைக் கல்லில் நடப்பது சுலபம். தீவின் கிரியோல் மொழியில் கிராத்தோன் என்கிற சொரசொரப்பான கல்லில் விழுந்தால் உள்ளங்கை கிழியும். தோட்ட வேலைக்கு வாங்கும் கையுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். அங்கே தண்ணீர் கிடையாது, ஆளுக்கு 3 லிட்டர் எடுத்துப்போங்கள்.

ல பொசெஸியோன்: பிள்ளைகளோடு மஃபாத்தில் ஒரே நாளில் எத்தனை கேச் எடுக்கலாம்?

எண்ணிக்கையை மறந்துவிட்டு ஏற்றத்தைக் கணக்குப் போடுங்கள். மஃபாத்துக்குச் சாலை கிடையாது, நடை, இல்லையென்றால் ஹெலிகாப்டர். மேப்பில் இரண்டு கிலோமீட்டர் என்று தெரிவது நடுவில் 400 மீட்டர் இறங்கி ஏறுவதாக இருக்கும். மணிக்கு 300 மீட்டர் ஏற்றம் என்று வையுங்கள், பிள்ளைகள் இருந்தால் இன்னும் குறையும். ஒவ்வொரு கேச்சுக்கும் தேட 20 நிமிடம் சேருங்கள். ஜூன் மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கோல் தெ பெஃப் கணவாய் வழியாக லா நூவெல் கிராமத்துக்குப் போய்த் திரும்புவதற்கே ஒரு பகல் சரியாக இருக்கும். வழியில் மூன்று கிடைத்தால் நல்ல நாள்.

முந்தின இரவே கேச் பட்டியலையும் மேப்பையும் போனில் இறக்கிவையுங்கள், உள்ளே சிக்னல் விட்டுவிட்டு வரும். ஏர்ப்ளேன் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரியும் மிஞ்சும். அவசரத்துக்கு 112. வனத்துறை மூடியிருக்கிற பாதைகளின் பட்டியலையும் கிளம்புமுன் பார்த்துவிடுங்கள், மழைக்குப் பிறகு அது நீளும்.

சலாசி: நான் வைத்த பெட்டியில் தாள் கூழாகிவிடுகிறது. என்ன டப்பா வாங்கலாம்?

இந்தத் தீவில் மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 2007 பிப்ரவரி புயலில் கொம்மெர்சோன் பள்ளத்தில் 72 மணி நேரத்தில் 3,930 மில்லிமீட்டர் பெய்தது உலகச் சாதனை. பிலிம் டப்பா நம் ஊருக்கு லாயக்கில்லை. சின்னதுக்கு, சோடா பாட்டிலாக ஊதுவதற்கு முன்னால் இருக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் குழாய் நல்லது, திருகு மூடி நிற்கும். கொஞ்சம் பெரியதுக்கு, நான்கு பக்கமும் கொக்கி போட்டு மூடும், உள்ளே சிலிக்கோன் வளையம் உள்ள சாப்பாட்டு டப்பா.

ஆனால் தண்ணீர் பெரும்பாலும் டப்பாவின் குற்றத்தால் வருவதில்லை. வளையத்தில் ஒரு மணல், ஒரு புல், இல்லை ஜிப் பையின் ஓரம் சிக்கிக்கொண்டு மூடியிருப்பார்கள். அந்த ஒரு இழை போதும், தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறும். பையை டப்பாவைவிடச் சின்னதாகப் போடுங்கள். சிலிக்கா பொட்டலம் நாலு தடவை திறந்தால் நிரம்பிவிடும், அதை நம்பவேண்டாம். நனையாத தாளும் பென்சிலும் வையுங்கள், ஈரத்தில் பால்பாயின்ட் எழுதாது. டப்பாவை நிமிர்த்தி வைக்காமல் மூடி கீழே பார்க்கக் கவிழ்த்து வைத்தால் மூடிமேல் தண்ணீர் தேங்காது.

குவாத்ர் போர்ன், மொரீஷியஸ்: லீவுக்கு ரீயூனியன் வருகிறேன். ஞாபகமாக அங்கே ஒரு கேச் வைக்கலாமா?

வேண்டாம். பெட்டி கெட்டால் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். பராமரிக்க வழியில்லாத கேச்சுக்கு அனுமதி கிடைக்காது. உங்கள் ஊரிலேயே வையுங்கள்: அடுத்த பெட்டியிலிருந்து 161 மீட்டர் தள்ளி, புதைக்காமல், இடத்துக்காரரிடம் கேட்டு. கோர் தெ கார்த் மலையென்றால் முருகன் கோயில் படியைத் தவிர்த்துவிடுங்கள். காவடி நாளில் அங்கே நிற்க இடம் இருக்காது, வழிபாட்டு இடத்தில் சந்துபொந்தெல்லாம் துழாவுவதும் அழகில்லை.

செயின்ட் லூயி: சாலையோரச் சிவப்பு மாடத்துக்குள் கேச் இருக்குமா?

இருக்காது, கை வைக்காதீர்கள். அது செயின்ட் எக்ஸ்பெதித் என்ற புனிதரைக் கும்பிடும் மாடம். மரத்தடியில் நம்மவர்கள் சிவப்புத் துணி கட்டி வைத்த இடமும், நாற்சந்தியில் கிடக்கும் படையலும் அப்படித்தான்.

செயின்ட் பெனுவா: பாறை இடுக்கில் கை விடலாமா?

முதலில் குச்சி, பிறகு கை. விஷப் பாம்பு இந்தத் தீவில் இல்லை. பூரான் உண்டு, குளவிக் கூடும் உண்டு.

செயின்ட் ஃபிலிப்: புயலுக்குப் பிறகு போனேன், பெட்டியே இல்லை. நானே புதிதாக ஒன்று வைத்துவிட்டுக் கண்டேன் என்று எழுதலாமா?

வேண்டாம்மா. பழையது இரண்டு கல் தள்ளி அப்படியே இருக்கலாம், அப்புறம் ஒரே இடத்தில் இரண்டு பெட்டியாகிவிடும். கிடைக்கவில்லை என்று பதிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாதை அடித்துப்போயிருக்கிறதா, மண் சரிந்திருக்கிறதா, எந்த மரம் விழுந்திருக்கிறது என்று மூன்று வரி சேர்த்து எழுதி, உரிமையாளர் கவனிக்கவேண்டும் என்ற குறிப்பையும் போடுங்கள். அவர் கேட்டுக்கொண்டால் மட்டும் அடுத்த முறை போகும்போது புது டப்பா எடுத்துப்போங்கள்.