சிறுபான்மையினரும் மருத்துவமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சிறுபான்மை மக்களுக்கு மருத்துவம் கிடைப்பதில் உள்ள ஏற்றத்தாழ்வு பற்றி வந்த கடிதங்களில் பல, "எங்களுக்கு என்ன உரிமை உண்டு?" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிட்டன. எந்த நாடு, எந்த மக்கள், என்ன நோய் என்று எதுவும் சொல்லாமல் கேட்டால் என்னால் பதில் எழுத இயலாது. சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. விவரத்தோடு எழுதியவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் நாட்டில் மருத்துவம் எல்லோருக்கும் இலவசம். அப்படியிருந்தும் சில சமூகத்தினர் நோய் முற்றிய பிறகுதான் வருகிறார்கள். இது அவர்களுடைய அலட்சியம்தானே?

பதில்: அலட்சியம் என்று எழுதுவதற்கு முன் சிலவற்றை விசாரித்தீர்களா? மருத்துவமனை எத்தனை மணிக்கு மூடுகிறது, போய்வர எவ்வளவு நேரமாகிறது, ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி போய்விடுமா, பதிவுப் படிவம் எந்த மொழியில் இருக்கிறது, சென்ற முறை வந்தபோது அவர்களை எப்படி நடத்தினார்கள்? கட்டணம் என்பது தடைகளில் ஒன்று, அவ்வளவுதான். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் சுரங்கத் தொழிலாளர் ஊர் ஒன்றில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், யாருக்கு மருத்துவம் அதிகம் தேவையோ அவர்களுக்கே நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதினார். பிரிட்டனில் இலவச மருத்துவம் தொடங்கி அப்போது 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

கேள்வி: கருப்பின மக்களுக்கு இரத்த அழுத்தம் அதிகம் என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. மரபணுவில் உள்ளதற்குச் சமூகத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

பதில்: மரபணுதான் காரணம் என்றால் அந்த மரபணு போகும் இடமெல்லாம் நோயும் அதே அளவில் போக வேண்டும். 1990களில் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரை மூன்று இடங்களில் ஒரே முறையில் அளந்து பார்த்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம். கரீபியன் தீவுகளில் நான்கில் ஒருவருக்கு. அமெரிக்காவில் மூன்றில் ஒருவருக்கு. வம்சம் ஒன்று, வாழ்க்கை வேறு. சிக்கிள் செல் போன்ற பரம்பரை நோய்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மக்கள் கூட்டங்களுக்கு இடையே காணும் வேறுபாட்டையெல்லாம் மரபணுவின் தலையில் கட்டுவது, விசாரணையை அங்கேயே நிறுத்திவிடும் வழி.

கேள்வி: என் தோல் நல்ல கருமை. வீட்டு ஆக்சிமீட்டர் 94 காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: மூச்சுத் திணறல் உண்டா, காய்ச்சல் உண்டா, எத்தனை நாளாக என்று எதையும் எழுதவில்லை. எண்ணை மட்டும் அனுப்பினால் யாராலும் மருத்துவம் சொல்ல முடியாது. கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி ஆக்சிஜனைக் கணக்கிடும் கருவி அது. தோலின் நிறமியும் அந்த ஒளியை உறிஞ்சும். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் தமனி இரத்தத்தைச் சோதித்தபோது, ஆக்சிஜன் உண்மையில் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது வெள்ளையரில் ஏறத்தாழ 4 சதவீதம் பேருக்கு, கருப்பினத்தவரில் ஏறத்தாழ 12 சதவீதம் பேருக்கு. இது 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு. ஆனால் இந்தக் குறை 1990இலேயே ஆய்விதழில் அச்சாகிவிட்டது. 30 ஆண்டுகள் யாரும் பொருட்படுத்தவில்லை. மொத்த நோயாளிகளின் சராசரியில் கருவி நன்றாகத்தான் வேலை செய்தது. சராசரியைப் பிரித்துப் பாருங்கள் என்று நான் ஓயாமல் எழுதுவது இதனால்தான். உங்களுக்கு மூச்சு வாங்கினால், எண் என்ன காட்டினாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: நாங்கள் வேற்று மொழி பேசும் நாட்டில் குடியேறியவர்கள். 11 வயது மகள் அந்த மொழியைச் சரளமாகப் பேசுவாள். பாட்டியை மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது அவள்தான் மொழிபெயர்க்கிறாள். மருத்துவரும் பாராட்டுகிறார். அவளைப் பள்ளிக்கு விடுப்பு எடுக்க வைப்பது மட்டும்தான் சங்கடமாக இருக்கிறது.

பதில்: பள்ளி விடுப்பு இதில் மிகச் சிறிய விஷயம். இந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். பாராட்டிய மருத்துவர் மீது எனக்கு உங்கள் மீது இருப்பதைவிடப் பல மடங்கு கோபம் இருக்கிறது, ஏனென்றால் அவருக்கு இது தவறு என்று தெரிந்திருக்க வேண்டும்.

பாட்டிக்குச் சிறுநீரில் இரத்தம் போகிறது என்று வையுங்கள், அல்லது கருப்பை இறங்கியிருக்கிறது. பேத்தியிடம் அதைச் சொல்வாரா? "ஒன்றுமில்லை, கொஞ்சம் களைப்பு" என்று முடித்துக்கொள்வார். மருத்துவர் களைப்புக்கு மருந்து தருவார். அல்லது மருத்துவர் புற்றுநோயாக இருக்கலாம் என்கிறார். அதைப் பாட்டியிடம் சொல்லும் பொறுப்பு 11 வயதுக் குழந்தையின் மீது விழுகிறது. அது பயந்து பாதியை விழுங்கிவிடும். பிறகு பாட்டிக்கு ஏதேனும் நேர்ந்தால், தான் சரியாகச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார் என்று அந்தக் குழந்தை வளர்ந்த பின்னும் நினைத்துக்கொண்டிருக்கும். இப்படி வளர்ந்த பெரியவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

வயது வந்த உறவினர் என்றால் பரவாயில்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதுவும் கூடாது. அடிக்கும் கணவன் மனைவிக்காகப் பேசினால் அவள் உண்மையை எப்படிச் சொல்வாள்? அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கும்போது, ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட மகன் தாயிடம் எதை முழுதாக விளக்குவான்?

அமெரிக்காவில் குழந்தைகள் அவசரப் பிரிவுகள் இரண்டில், ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களுடன் நடந்த உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். 2012இல் முடிவு வந்தது. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இருந்தபோது, நேர்ந்த பிழைகளில் நோயாளிக்குக் கேடு விளைவிக்கக் கூடியவை 12 சதவீதம். உறவினரோ கைக்குக் கிடைத்தவரோ மொழிபெயர்த்தபோது 22 சதவீதம். மொழிபெயர்ப்பாளரே இல்லாதபோது 20 சதவீதம். அதாவது, உறவினர் இருந்தும் இல்லாததற்கு ஒப்புதான். 100 மணி நேரமும் அதற்கு மேலும் பயிற்சி பெற்றவர்களிடம் அது 2 சதவீதமாகக் குறைந்தது. பயிற்சி என்பது இங்கே உயிர் காக்கும் விஷயம்.

செலவாகும் என்று மருத்துவமனைகள் சொல்லும். ஆஸ்திரேலியா 1973இலேயே தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கிவிட்டது. 50 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு செய்ய முடிந்ததை இன்று முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டு விதி, உயிர் ஆபத்தான அவசரம் தவிர வேறு எப்போதும் குழந்தைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று தடை விதித்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: முன்பதிவு செய்யும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், அதைக் கோப்பில் குறிக்கச் சொல்லுங்கள். போன பிறகு கேட்டால் "இன்று ஆள் இல்லை" என்ற பதில்தான் வரும். பாட்டி காது கேளாதவராக இருந்தாலும் இதே விதி, சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். மகள் வரட்டும், பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரட்டும். வாய் திறக்கும் வேலை அவளுடையது இல்லை.

கேள்வி: படித்து, நல்ல சம்பளம் வாங்குபவர்களுக்கு இந்தப் பாகுபாடு எல்லாம் இல்லைதானே?

பதில்: இருக்கிறது. அமெரிக்காவில் கல்லூரிப் பட்டம் பெற்ற கருப்பினப் பெண்கள் மகப்பேறு தொடர்பாக இறக்கும் விகிதம், பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத வெள்ளையினப் பெண்களுடையதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம். வலி இருக்கிறது என்று சொன்னவர்களை நம்பவில்லை என்பதுதான் அந்தப் பெண்களின் குடும்பங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை. பட்டம் அதைத் தடுக்கவில்லை.

கேள்வி: (மருத்துவ மாணவர்) சிறுநீரகச் செயல்பாட்டைக் கணக்கிடும் சமன்பாட்டிலிருந்து இனத்தை நீக்கிவிட்டார்கள். அறிவியலில் அரசியல் புகுந்துவிட்டதாக எங்கள் ஆசிரியர் சொல்கிறார். சரியா?

பதில்: இனத்தைச் சேர்த்தபோது அது அரசியலாகத் தோன்றவில்லையா? 1999இல் வந்த சமன்பாடும் 2009இல் வந்ததும், நோயாளி கருப்பினத்தவர் என்றால் விடையை முறையே ஏறத்தாழ 20, 16 சதவீதம் உயர்த்திக் காட்டின. எண் உயர்ந்தால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று பொருள். அவர்களுக்குத் தசை அதிகம், அதனால் கிரியேட்டினின் (தசையிலிருந்து இரத்தத்தில் சேரும் கழிவு, இதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்) அதிகம் என்பது அதற்குச் சொன்ன சமாதானம். ஒருவரின் தசையை அளக்காமல் தோலைப் பார்த்து ஊகித்தார்கள். விளைவு என்ன? அமெரிக்காவில் அந்த எண் 20க்கு இறங்கினால்தான், அல்லது டயாலிசிஸ் தொடங்கினால்தான், மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் எண்ணப்படத் தொடங்கும். உண்மையில் இறங்கியவர்களை இன்னும் இறங்கவில்லை என்று காகிதம் காட்டியது. 2021இல் இனம் இல்லாத சமன்பாடு வந்தது. 2023 தொடங்கி பழைய கணக்கால் பின்தள்ளப்பட்டவர்களின் காத்திருப்புக் காலத்தைத் திருத்தினார்கள். 2024இன் தொடக்கத்துக்குள் 14,000க்கும் மேற்பட்டவர்களுக்குச் சராசரியாக இரண்டு ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன. உங்கள் ஆசிரியரிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

கேள்வி: மனிதர்களிடம்தான் வெறுப்பு இருக்கும். கணினியிடம் முடிவை விட்டுவிட்டால் பாகுபாடு தானாக ஒழியும் அல்லவா?

பதில்: ஒழியாது. கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று முடிவு செய்ய அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஒரு நிரல், நோயின் கடுமைக்குப் பதிலாக மருத்துவச் செலவை அளவுகோலாக வைத்திருந்தது. கருப்பினத்தவருக்கு அதே நோய்க்குக் குறைவாகவே செலவழிக்கப்பட்டு வந்ததால், அவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்று நிரல் முடிவுகட்டியது. 2019இல் இது வெளிவந்தது. அளவுகோலைத் திருத்தினால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கருப்பினத்தவரின் பங்கு 18 சதவீதத்திலிருந்து 47 சதவீதமாக உயரும் என்று கணக்கிட்டார்கள். அந்த நிரலுக்கு யாருடைய இனமும் தெரியாது என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: உடல் நிறை குறியீடு (BMI) 24. இயல்பு என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான் தெற்காசிய வம்சாவளி.

பதில்: ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொல்லிவிட்டது. இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவையும் அளந்து சொல்லுங்கள்.

கேள்வி: கருப்பின மக்கள் தடுப்பூசிக்குப் பயப்படுவது மூடநம்பிக்கை. ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்?

பதில்: அமெரிக்காவின் டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோய் கண்ட ஏறத்தாழ 400 கருப்பின ஆண்களை, சிகிச்சை அளிப்பதாகச் சொல்லிவிட்டு, சிகிச்சை இல்லாமல் நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்தது. பெனிசிலின் கிடைக்கத் தொடங்கிய பிறகும் கொடுக்கவில்லை. அரசின் மன்னிப்பு 1997இல்தான் வந்தது. அந்தச் சமூகத்தின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. சந்தேகத்துடன் கேட்பவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். பட்டப்பெயர் சூட்டாதீர்கள்.

கேள்வி: என் தங்கைக்கு இரத்தப் புற்றுநோய். குருத்தணு (ஸ்டெம் செல்) கொடையாளர் பொருந்தவில்லை. வெளிநாட்டுப் பதிவேடுகளில் தேடினால் கிடைக்குமா?

பதில்: தேடச் சொல்லுங்கள், பதிவேடுகள் நாடுகளுக்கிடையே இணைந்தவை. பொருத்தம் பெரும்பாலும் ஒரே வம்சாவளியினரிடையே அமைவதால், பதிவு செய்தவர்கள் குறைவாக உள்ள மக்களுக்குக் கிடைப்பது கடினம். அமெரிக்கப் பதிவேட்டில் முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையருக்கு ஏறத்தாழ 80 சதவீதம், கருப்பினத்தவருக்கு 30 சதவீதம்கூட இல்லை. பாதிப் பொருத்தமுள்ள உறவினரிடமிருந்து மாற்றும் முறையும் இப்போது இருக்கிறது. அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். உடன்பிறந்தவர்கள் எல்லோரும் சோதித்துக்கொண்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதை முடியுங்கள்.

கேள்வி: இத்தனை ஆண்டுகளாக ஆய்வுகள் வருகின்றன. எதுவும் மாறப்போவதில்லை என்றுதான் தோன்றுகிறது.

பதில்: மாறியிருக்கிறது, அதுவும் வேகமாக. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு 1966இல் நடைமுறைக்கு வந்தபோது, நோயாளிகளை நிறம் பார்த்துப் பிரிக்கும் மருத்துவமனைக்கு அந்தப் பணம் கிடையாது என்று அரசு உறுதியாக நின்றது. ஏறத்தாழ 1,000 மருத்துவமனைகள் சில மாதங்களுக்குள் பிரிவினையைக் கைவிட்டன. அடுத்த சில ஆண்டுகளில் மிசிசிப்பியில் வயிற்றுப்போக்காலும் நிமோனியாவாலும் இறக்கும் கருப்பினக் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. எத்தனையோ ஆண்டுகள் முடியாது என்று சொன்னதைப் பணத்தோடு கட்டியதும் செய்து முடித்தார்கள்.

இன்னொரு வழி, மக்கள் தாங்களே நடத்துவது. சிட்னியின் ரெட்ஃபெர்னில் பழங்குடி மக்கள் 1971இல் தங்களுக்கான மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார்கள். இன்று ஆஸ்திரேலியா முழுவதும் இப்படிப்பட்டவை 140க்கு மேல். அங்கே பழங்குடியினரின் ஆயுள் மற்றவர்களைவிட இன்னும் 8 ஆண்டுகளுக்கு மேல் குறைவு என்பதால் நிம்மதி அடைய இடமில்லை. ஆனால் "எதுவும் மாறாது" என்று நீங்கள் எழுதுவது, மாற்றியவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: மருத்துவமனைப் படிவத்தில் இனமும் தாய்மொழியும் கேட்கிறார்கள். எதற்கு? நிரப்ப வேண்டுமா?

பதில்: யார் பார்ப்பார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள், குடியேற்றத் துறைக்குப் போகுமா என்று முதலில் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். அது திருப்தியாக இருந்தால் நிரப்புங்கள். ஆக்சிமீட்டர் பற்றி மேலே சொன்னதைப் படித்தீர்கள் அல்லவா? தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க விவரம் இல்லாத மருத்துவமனையில் சராசரி மட்டும்தான் மிஞ்சும், உங்கள் மக்களுக்கு நேரும் கேடு அதில் தெரியாது. தாய்மொழிக் கட்டத்தை மட்டும் எப்படியும் நிரப்பிவிடுங்கள், பக்கத்தில் "மொழிபெயர்ப்பாளர் தேவை" என்றும் எழுதுங்கள்.