60 பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். டி-சர்ட்: பத்துத் தாளில் முடியும்

கேள்வி: எங்கள் சபையில் மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) நடத்துகிறோம். 60 பிள்ளைகள். எல்லோருக்கும் படம் போட்ட டி-சர்ட் கொடுக்க ஆசை, ஆனால் கையில் எட்டாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. வீட்டில் இங்க்ஜெட் பிரிண்டரும் இஸ்திரிப் பெட்டியும் உண்டு. நாங்களே செய்துவிட முடியுமா? துவைத்தால் நிற்குமா?
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர், பாளையங்கோட்டை

முடியும் சகோதரி. ஆனால் நெஞ்சு முழுக்கப் பெரிய படம் வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். டிரான்ஸ்ஃபர் பேப்பர் என்ற தாளில் அச்சிட்டு, இஸ்திரிப் பெட்டியால் துணியில் ஒட்டுகிற படம் பெட்டியின் அடிப்பலகைக்குள் அடங்க வேண்டும். பலகையைவிடப் பெரிய படத்தை நான்கைந்து தடவை பெட்டியை மாற்றி மாற்றி வைத்துத்தான் ஒட்ட முடியும். இரண்டு தடவைக்கும் நடுவே சூடு சரியாகப் படாத கோடு ஒன்று விழும். இரண்டாம் துவைப்பில் உரிவது அந்தக் கோட்டில்தான்.

9 சென்டிமீட்டர் வட்டமாகப் படத்தை அமையுங்கள். பெட்டியை ஒரே தடவை வைத்து அழுத்தினால் போதும். முனை இல்லாததால் ஓரம் தூக்காது. இடது நெஞ்சில் வைத்தால் நான்கு வயதுப் பிள்ளைக்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கும் ஒரே அளவு பொருந்தும். செலவும் இதில்தான் குறைகிறது. ஒரு ஏ4 தாளில் அகலத்துக்கு இரண்டு, நீளத்துக்கு மூன்று என ஆறு வட்டம் அடங்கும். 60 பிள்ளைகளுக்குப் பத்துத் தாள், சோதனைக்கு இரண்டு. சட்டை ஒன்று 110 ரூபாய்க்கு அமைந்தால், சோதனைக்கான இரண்டையும் சேர்த்து 62 சட்டைக்கு 6,820 ரூபாய் ஆகும். மீதி 1,180 ரூபாய் தாளுக்கும் மைக்கும்.

சட்டை பருத்தியாக இருக்கட்டும், வெள்ளை அல்லது வெளிர் நிறமாக இருக்கட்டும். பாலியஸ்டர் மலிவாகக் கிடைக்கும். ஆனால் படம் ஒட்டத் தேவையான சூட்டை அது தாங்காமல் பளபளப்பாகக் கருகிவிடும், கத்திரி வெயிலில் பிள்ளைகளுக்கும் புழுங்கும். திருப்பூரில் ஆள் இருந்தால் அங்குள்ள பனியன் சந்தையான காதர்பேட்டையில் விசாரிக்கச் சொல்லுங்கள். பருத்தி பனியன் துணி சுருங்கும், அதனால் ஒரு அளவு பெரிதாகவே வாங்குங்கள். ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை அலசிக் காயவையுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்க வேண்டாம், அது படிந்த துணியில் படம் சரியாகப் பிடிக்காது.

வெளிர் துணிக்கான டிரான்ஸ்ஃபர் பேப்பர், கருந்துணிக்கான பேப்பர் என்று இரண்டு உண்டு. உங்களுக்கு வேண்டியது முதல் வகை. அதில் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி அச்சிட வேண்டும், மறந்தால் எழுத்தெல்லாம் இடவலம் மாறிப் போகும். முதலில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பின்பக்கமாகப் பிடித்து வாசித்துப் பாருங்கள். இன்னொன்று: தாள் வெள்ளையாக இருந்தாலும் அதிலிருந்து துணிக்கு ஏறும் படலம் கண்ணாடிபோலத்தான். படத்தில் வெள்ளையாக விட்ட இடத்தில் சட்டையின் நிறமே தெரியும். மஞ்சள் சட்டையில் வெள்ளைப் புறா வராது.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒரு கணினியில் அமைத்ததை இன்னொன்றில் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பி.டி.எஃப். ஆகவோ படமாகவோ மாற்றிய பிறகே அச்சிடுங்கள். எழுத்து தடித்ததாக, அரை சென்டிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்கட்டும். மெல்லிய எழுத்தில் முதலில் காணாமல் போவது புள்ளிதான்.

இங்க்ஜெட் தாளை லேசர் பிரிண்டரில் மட்டும் விடவே விடாதீர்கள். அவசரத்துக்குக் கடையில் கொடுத்து ஒருமுறை அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் சூட்டு உருளையில் படலம் உருகி ஒட்டிக்கொண்டது.

இப்போது ஒட்டும் வேலை. பஞ்சு மெத்தை வைத்த இஸ்திரிப் பலகை வேண்டாம், அழுத்தம் உள்வாங்கிவிடும். கெட்டியான மர மேசையில் ஒரு தலையணை உறையை மடிப்பில்லாமல் விரியுங்கள். பெட்டியில் தண்ணீர் இருக்கக் கூடாது. நீராவித் துளைகள் உள்ள பெட்டியைவிட, அடிப்பலகை வழவழப்பான பழைய கனமான பெட்டி நல்லது. துளைக்கு நேரே சூடு படாமல் புள்ளி புள்ளியாக விட்டுப்போகும். பருத்திக்கான சூட்டில் வைத்து, விளக்கு அணைந்ததும் எடுங்கள். படம் வைக்கும் இடத்தைப் பத்து விநாடி வெறுமனே தேய்த்து ஈரத்தைப் போக்குங்கள். அப்புறம் தாளில் இருந்து வெட்டிய வட்டத்தைக் கவிழ்த்து வைத்து, பெட்டியின் அகலமான பகுதி மேலே வரும்படி இரண்டு கையாலும் அழுத்துங்கள். இழுத்துத் தேய்த்தால் படம் நகர்ந்து கலங்கும். எத்தனை விநாடி, சூட்டோடு உரிப்பதா ஆறியபின் உரிப்பதா என்பது தாளுக்குத் தாள் மாறும். பாக்கெட்டில் உள்ளதை அப்படியே பின்பற்றுங்கள். முதல் இரண்டு சட்டையைச் செய்து, மறுநாள் துவைத்துப் பார்த்துவிட்டு மீதி அறுபதைத் தொடங்குங்கள்.

கருநீலமோ சிவப்போதான் வேண்டும் என்று சபையில் சொன்னால் இந்த வழியை விட்டு டி.டி.எஃப். அச்சுக்குப் போங்கள், அதாவது தனிப் படலத்தில் அச்சிட்டுத் துணியில் ஒட்டும் முறைக்கு. 60 சென்டிமீட்டர் அகலச் சுருளில், மீட்டர் கணக்கில் அச்சிட்டுத் தருவார்கள். வெள்ளை மையும் அதில் உண்டு. அச்சிடும் இடத்திலேயே ஹீட் பிரஸ் என்ற, சூட்டோடு அழுத்தும் இயந்திரத்தில் ஒட்டித் தரச் சொல்வது உத்தமம்.

துவைத்தால் நிற்குமா என்று கேட்டீர்கள். ஒரு நாள் கழித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் அந்த வருட வி.பி.எஸ்.ஸைத் தாண்டியும் நிற்கும். கல்லில் அடித்தால் நிற்காது, பிரஷ் போடவும் கூடாது. படத்தின் மேல் நேராக இஸ்திரி வைத்தால் அது பெட்டியோடு வந்துவிடும். இதைச் சின்னத் துண்டுத் தாளில் எழுதி ஒவ்வொரு சட்டையோடும் பெற்றோருக்குக் கொடுங்கள்.

பிள்ளையின் பெயரைச் சட்டையின் வெளியே போட வேண்டாம். பெயர் தெரிந்தால் வழியில் போகும் எவரும் தெரிந்தவர்போலக் கூப்பிட முடியும். கழுத்துப் பட்டிக்கு உள்பக்கம் அழியாத பேனாவில் எழுதிவிடுங்கள்.