பிரசவத்துக்குப் பிறகு சாகத் தோன்றுவது ஹார்மோனாலா, குணத்தாலா?

நான்கு மாதக் கைக்குழந்தை இருக்கும்போது ஒரு பெண் "செத்துப்போயிடலாம் போல இருக்கு" என்று சொன்னால் அது ஹார்மோனா, குணமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனைவியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். குணம் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள்.

2018 தை மாதம் எனக்கு மகள் பிறந்தாள். முதல் பத்து நாள் அழுகையை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. "பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார் அம்மா. அது சரிதான், பலருக்கு இரண்டு வாரத்தில் தெளிந்துவிடும். எனக்குத் தெளியவில்லை. "நானும் மூணு பெத்தவதான், எனக்கு இதெல்லாம் வரலையே" என்றார் அத்தை. ராத்திரி மூன்று மணிக்குச் சேலைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, நான் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை நன்றாக வளரும் என்று நினைப்பேன். அழுகைகூட வராது. கடைக்கணக்கு கூட்டுவதுபோல அவ்வளவு நிதானமாக வரும் அந்த நினைப்பு.

சீப்பு நிறைய முடி வந்தது. அக்னி நட்சத்திர வெயிலில் போர்வை கேட்டேன். அதை வைத்தாவது யாராவது சந்தேகப்பட்டிருக்கலாம்.

தடுப்பூசிக்குப் போனபோது நர்சம்மாதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அத்தையை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார்: "சாகணும்னு தோணுதாம்மா?" தோணுது என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடும் என்பார்கள். அப்படி இல்லை.

ரத்தப் பரிசோதனையில், தைராய்டு குறைந்தால் ஏறும் டிஎஸ்எச் 38. நாலு, ஐந்துக்குள் இருக்க வேண்டியது. பிரசவமான முதல் வருடத்தில் சில பெண்களுக்குத் தைராய்டு சுரப்பி வீங்கி, முதலில் அதிகமாகச் சுரந்து, பிறகு படுத்துவிடுமாம். தைராய்டு மாத்திரையோடு மனநல மருத்துவர் ஒரு மாத்திரை கொடுத்தார், பால் கொடுக்கலாம் என்றும் சொன்னார். ஆறு வாரத்தில் போர்வையை மடித்து வைத்தேன்.

தைராய்டு மட்டுமல்ல. கர்ப்பத்தில் மலைபோல் ஏறியிருந்த ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் பிரசவமான சில நாளிலேயே சரிகின்றன. புரோஜெஸ்டிரோனிலிருந்து உண்டாகி மூளையை அமைதிப்படுத்தும் ஒரு பொருளும் கூடவே குறைகிறது. அதைப் போலவே வேலை செய்யும் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2023-இல் அனுமதி கொடுத்தார்கள். பிரசவத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஸ்வீடனின் மனநல மருத்துவர் மேரி ஆஸ்பெர்க் 1976-லேயே, தண்டுவட நீரில் செரட்டோனின் என்ற மூளை ரசாயனத்தின் சிதைவுப் பொருள் குறைவாக இருந்த மனச்சோர்வு நோயாளிகளிடம் தற்கொலை முயற்சி அதிகம் என்று எழுதினார்.

உடனே "புருஷன் குடிக்கிறான், கடன் கழுத்தை நெரிக்குது, அதுக்கும் ஹார்மோனா?" என்று சண்டைக்கு வராதீர்கள். எல்லாவற்றுக்கும் ஹார்மோன் என்று நான் சொல்லவில்லை. ரத்தத்தைப் பார்த்து இவள் சாகப்போகிறாள் என்று சொல்லும் பரிசோதனையும் கிடையாது. உடம்பையும் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வேறிடத்தில். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ அளவுகோல் என்று பத்தே கேள்விகள், 1987-இலிருந்து இருக்கின்றன. பத்தாவது, தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. எனக்குப் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் ஆறாவது வாரம் தையலைப் பார்த்தார்கள், காப்பர் டி போடலாமா என்று கேட்டார்கள், அந்தப் பத்தில் ஒன்றைக்கூடக் கேட்காமல் அனுப்பிவிட்டார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அத்தை, நாத்தனார் யாரும் பக்கத்தில் இல்லாதபோது, சாகத் தோன்றுகிறதா என்று மனைவியிடம் நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், இன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். நடுராத்திரியானால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலிமானஸ், எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழில் பேசுவார்கள். டிஎஸ்எச் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ராத்திரியில் பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொண்டு, அவரை நாலு மணி நேரமாவது தொடர்ந்து தூங்க விடுங்கள்.