கொரோனாவில் படுத்துப்போன விளையாட்டுப் போட்டிச் சுற்றுலாவை திருநெல்வேலி மாதிரி ஊர்களில் எப்படி மீட்பது?

ஜங்ஷன் பக்கம் லாட்ஜ் நடத்தும் குடும்பம் எங்களுடையது. அதனால் என் பதில் அறை வாடகைக் கணக்காகத்தான் இருக்கும்.

மேட்ச்சுக்குக் கூட்டம் வந்தாலே ஊருக்குக் காசு வந்துவிடாது. தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கிரிக்கெட் 2020-ல் நடக்கவே இல்லை. 2021-ல் சேப்பாக்கத்தில் மட்டும், அதுவும் பார்வையாளர் இல்லாமல். 2022 ஜூனில் தொடரே நம்ம சங்கர்நகர் மைதானத்தில்தான் தொடங்கியது. அடுத்த வருஷம் இறுதிப்போட்டியும் இங்கேதான். (அதில் நம்ம நெல்லை அணி கோவையிடம் 104 ரன்னில் தோற்ற கதை இப்போது வேண்டாம்.) கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் கோவில்பட்டி, தூத்துக்குடி, நாகர்கோவில் பசங்க பைக்கில் வருவார்கள், ராத்திரி மேட்ச் முடிந்ததும் பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அறை கேட்டு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கோவில்பட்டிக் கதை வேறு. அங்கே செயற்கைப் புல் மைதானத்தில் 2022 மே மாதம் தேசிய ஜூனியர் ஆண்கள் ஹாக்கி நடந்தது. ஒரு அணி என்றால் ஆட்டக்காரர்களே 18 பேர், அப்புறம் பயிற்சியாளர், மேலாளர். தோற்கும்வரை ஊரிலேயே இருந்தாக வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடு, துணி வெளுப்பு, வேன், மருந்துக்கடை என்று காசு நாலு பக்கமும் போகும். நாளைக்கே இன்னொரு தொற்று வந்து கேலரியை மூடினாலும், ஆட அனுமதி இருக்கிறவரை இந்த வரவு அடியோடு நின்றுவிடாது. என்னைக் கேட்டால் இதைத்தான் பிடிக்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் அண்ணா ஸ்டேடியம் இருக்கிறது, மைதானமும் விடுதியும் உள்ள கல்லூரிகள் இருக்கின்றன. ஹாக்கி, வாலிபால், கபடி, செஸ் என்று கல்லூரி, கிளப் அளவுப் போட்டிகளை பொங்கல் கழிந்து மாசிக்குள் வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும், குற்றால சீசனும் கிடையாது, லாட்ஜ்கள் ஈ ஓட்டும் நேரம்.

கிரிக்கெட்டுக்கு வழி வேறு. ஜூன், ஜூலையில் குற்றாலத்தில் சாரல். மேட்ச் டிக்கெட், ஒரு ராத்திரி தங்கல், விடிந்ததும் அருவிக்கு வேன் என்று சேர்த்துக் கொடுத்தால் மதுரைக்காரரும் தங்குவார். ஆட்டம் முடிகிற நேரத்துக்கு சங்கர்நகரிலிருந்து ஊருக்குள் பஸ் விட வேண்டும், அது முக்கியம்.

இன்னொன்று, முன்பணம். 2020-ல் போட்டி ரத்தானபோது ஒரு மண்டபத்தில் கொடுத்த அட்வான்ஸ் திரும்பவே இல்லை என்று ஒரு வாலிபால் அணி மேலாளர் இன்னும் புலம்புகிறார். போனில் அவர் முதலில் கேட்பதே "ரத்தானா பணம் வருமா?" என்றுதான். வரும் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அறையைப் பற்றியே பேசுவார். லாட்ஜ்காரர்கள் எல்லோரும் சேர்ந்து இதை ஒரே விதியாக வைக்கலாம்.

புது ஸ்டேடியம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வரட்டும். அதற்கு முன்னால், இருக்கிற மைதானங்களில் கழிப்பறையையும் உடை மாற்றும் அறையையும் சரி செய்யுங்கள். பெண்கள் அணியைக் கூட்டிவருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.