9 மி.மீ. வடிகட்டி போடும் புகையிலை பைப்பில் களகளச் சத்தம்

முத்தியால்பேட்டை நண்பருக்கு வணக்கம். பிரான்சிலிருந்து மாமா கொண்டுவந்த புகையிலை பைப்பில் போடும் 9 மி.மீ. வடிகட்டி தீர்ந்ததிலிருந்து களகளச் சத்தமும் நாக்கில் கசப்பு நீரும் வருகிறது என்றீர்கள். பைப் கெட்டுவிடவில்லை. வடிகட்டி இருந்த அகலமான குழி இப்போது காலி. சூடான புகை அங்கே விரிந்து, குளிர்ந்து, நீராகத் தேங்குகிறது. அந்தக் குழியை நிரப்பி, நடுவே குறுகிய துளையை மட்டும் விடும் சிறு குழாய்தான் அடாப்டர். அளவு பார்த்து வாங்குங்கள், 6 மி.மீ. அடாப்டர் உள்ளே ஆடும். காகிதம் சுருட்டிச் செருகவே வேண்டாம், ஊறிப்போய்க் காற்றை அடைத்துவிடும்.

வடிகட்டி போட்டாலும் புகையிலையின் தீங்கு போகாது, அதை நம்பி ஏமாறாதீர்கள்.

நம் ஐப்பசி ஈரக்காற்றும் ஒரு காரணம். புகையிலையை விரலால் அழுத்துங்கள். கட்டியாக ஒட்டிக்கொண்டால் தாளில் பரப்பி அரை மணி நேரம் உலர்த்துங்கள். பைப் ஆறும் முன் வாய்க்குழலைக் கழற்றாதீர்கள். அவசரப்பட்டுத் திருகி, என் பைப்பின் மரத்தண்டு விரிசல் விட்டுவிட்டது.