சொத்து வரியை நம்பி மாநகராட்சி பாண்டு வாங்கலாமா?

கேள்வி: கோவையில் இருக்கிறேன், வயது 63, ஓய்வு பெற்ற ஆசிரியை. 10 லட்சம் ரூபாய் எஃப்.டி. அடுத்த மாதம் முதிர்கிறது. மாநகராட்சி பாண்டில் போடச் சொல்கிறான் மகன். சொத்து வரியிலிருந்து திருப்பித் தருவார்கள், அரசாங்கம்தானே, பயமில்லை என்கிறான். முழுவதையும் போடலாமா? இதனால் வீட்டு வரி ஏறுமா?

பதில்: முழுவதையும் போடாதீர்கள் அம்மா. பாண்டு என்பது மாநகராட்சி வாங்கும் கடனுக்குத் தரும் பத்திரம். ‘அரசாங்கம்தானே’ என்கிற இடத்தில்தான் உங்கள் மகன் சறுக்குகிறார். 1997-ல் பெங்களூரு பாண்டு வெளியிட்டபோது மாநில அரசின் உத்தரவாதம் இருந்தது. அடுத்த வருடமே அகமதாபாத் அது இல்லாமல் 100 கோடி திரட்டியது, இப்போது வருபவை பெரும்பாலும் அந்த வழிதான்.

அப்போ எதை நம்பிக் கொடுக்கிறார்கள்? புனேயைப் பாருங்கள். 2017-ல் குடிநீர்த் திட்டத்துக்காக 200 கோடியை 7.59 சதவீத வட்டிக்கு, 10 வருடத் தவணையில் வாங்கினார்கள். மக்கள் கட்டும் சொத்து வரி முதலில் எஸ்க்ரோ என்கிற தனிக் கணக்கில் விழும், பாண்டுக்கு உரியதை எடுத்து வைத்த பிறகுதான் மிச்சம் மாநகராட்சியின் கைக்குப் போகும், சம்பளம் ஏறிய அன்றே இ.எம்.ஐ. பிடிப்பது மாதிரி. நல்ல ஏற்பாடுதான், ஆனால் வரி வசூலானால்தானே எடுத்து வைக்க முடியும்? அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் 2013-ல் திவாலானபோது, சொத்து வரியையே ஈடாகக் காட்டிய பாண்டுக்காரர்களுக்கே டாலருக்கு 74 சென்ட்தான் தேறியது. எஃப்.டி.க்கு இருக்கும் 5 லட்ச ரூபாய் காப்பீடு இதற்குக் கிடையாது.

இன்னொன்று, நினைத்த நேரத்தில் கிடைக்காது. சென்னை மாநகராட்சி 2025-ல் 7.97 சதவீதத்துக்கு 200 கோடி திரட்டியதே, அதில் பணம் போட்டவை பெரிய நிறுவனங்கள். நம்மைப் போன்றவர்களுக்கும் கதவைத் திறந்தது இந்தூர், 2023-ல், 8.25 சதவீதம், குறைந்தபட்சம் 10,000 ரூபாய். அவசரத்துக்கு விற்கலாம் என்றால் சந்தையில் வாங்க ஆள் அதிகம் இருக்காது. வட்டிக்கு வருமான வரி வேறு உண்டு.

வீட்டு வரி விஷயம்: பாண்டு வைத்திருப்பவர் வரியை ஏற்றச் சொல்ல முடியாது. 2022-ல் தமிழ்நாட்டில் வீடுகளுக்குச் சதுர அடியைப் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை ஏற்றினார்களே, அது எந்தப் பாண்டுக்காகவும் இல்லை. ஆனால் ஒன்று, வருமானத்தை இப்படி அடகு வைத்த மாநகராட்சிக்கு வரியைக் குறைக்கக் கை வராது.

உங்கள் வயதில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதமானது, 30 லட்சம் வரை போடலாம், பின்னால் நிற்பது மத்திய அரசு. சென்னை பாண்டை விடக் கூடுதல் வட்டி, ரிஸ்க்கும் இல்லை! 9 லட்சத்தை அங்கே போடுங்கள். மீதி ஒரு லட்சத்தை, இந்தூர் மாதிரி பொது வெளியீடு வந்தால், குறைந்த வருடத் தவணையில் போட்டுப் பாருங்கள். அதற்கு, பத்திரங்களை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு வேண்டும், அந்த வேலையை மகனிடமே விட்டுவிடுங்கள்.