ஔலுவில் குளிர்காலத்துக்கு சைக்கிளில் ஆணி டயர் அவசியமா? இங்கிருந்தே வாங்கிப் போகலாமா?

கேள்வி கேட்ட தம்பி மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். பின்லாந்தின் ஔலு நகரத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பல்கலைக்கழகத்துக்குத் தினமும் சைக்கிளில் போக நினைக்கிறார். டயரில் ஆணி வைத்து ஓட்டுவார்களாமே, அது நிஜமா, இங்கேயே வாங்கினால் மலிவா என்று கேட்டிருக்கிறார்.

நிஜம்தான் தம்பி. முன் சக்கரத்துக்காவது வேண்டும். ஆனால் இங்கே வாங்காதீர்கள். நானும் சுங்கை சிப்புட்காரன்தான். 2011இலிருந்து 2013 வரை ஔலுவில்தான் படித்தேன், இரண்டு குளிர்காலமும் சைக்கிள்தான்.

முதல் குளிர்காலத்தில் நான் ஆணி டயர் வாங்கவில்லை. கடையில் ஒரு டயர் 50 யூரோ என்று பார்த்ததும் மனசு மலேசிய வெள்ளிக்கு (ரிங்கிட்) மாற்றிக் கணக்குப் போட்டது. 200 வெள்ளிக்கு மேல்! அந்தக் காசுக்கு நம் ஊரில் பழைய சைக்கிளே வாங்கலாம் என்று வந்துவிட்டேன். நவம்பரில் ஒரு நாள் காலை, ராத்திரி பெய்த மழை தரையிலேயே உறைந்திருந்தது. பார்த்தால் ஈரத் தார் ரோடு மாதிரிதான் தெரிந்தது. ஒரு வளைவில் லேசாகத் திரும்பினேன், முன் சக்கரம் தன் பாட்டுக்குப் போய்விட்டது. இடது மணிக்கட்டு இரண்டு வாரம் வீங்கிக் கிடந்தது. நான் எழுந்து உட்காருவதற்குள், என் பாட்டி வயதில் ஓர் அம்மா அதே வளைவில் சைக்கிளில் வந்து, நிதானமாக நிறுத்தி, ஏதோ கேட்டார். மொழி புரியவில்லை. ஆனால் அவர் கிளம்பும்போது டயரிலிருந்து கடுகு தாளிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன்.

அந்தச் சத்தம்தான் ஆணி. ஆணி என்றதும் பலகையில் அடிக்கிற ஆணியை நினைக்காதீர்கள். டயர் ரப்பருக்குள் பதித்த சின்ன உலோகக் குமிழ்கள், வெளியே தெரிவது ஒரு மில்லிமீட்டரோ கொஞ்சம் கூடவோதான். நுனியில் டங்ஸ்டன் கார்பைடு இருக்கும். அது ஐஸைக் கொத்திப் பிடித்துக்கொள்ளும், தார் ரோட்டிலும் சீக்கிரம் தேயாது. வெறும் எஃகு ஆணி வைத்த மலிவு டயர்களும் உண்டு. தார் தெரிகிற ரோட்டில் கொஞ்ச நாள் ஓட்டினாலே நுனி மழுங்கிவிடும், அவற்றைத் தொடாதீர்கள். எண்ணிக்கை டயருக்கு டயர் மாறும். நான் பார்த்தவற்றில் நோக்கியன் கம்பெனியின் ஒரு டயரில் 106 ஆணி, ஷ்வால்பே கம்பெனியின் மாரத்தான் விண்டரில் அளவைப் பொறுத்து 240 வரை. ஊருக்குள் ஓட்ட 106 போதும் என்பது என் அனுபவம்.

இதை அப்பாவிடம் போனில் சொன்னபோது, “ஆணி குத்தினா டயர் பஞ்சராவும். நீ ஆணியோடவே டயர் வாங்கினியா?” என்று கேட்டார். இன்றுவரை லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பலரும் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று. ஆணி டயர் ஐஸுக்குத்தான், பனிக்கு இல்லை. மாவு மாதிரிக் கொட்டிக் கிடக்கும் புதுப் பனியில் ஆணிக்குக் கொத்த எதுவும் கிடைக்காது. அங்கே உதவுவது டயரின் அகலமும் ஆழமான பல்லும்தான். கார் போன தடத்தில் கலங்கிக் கிடக்கும் பழுப்புப் பனியில் எந்த டயர் போட்டாலும் தள்ளாடும், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அப்புறம், குளிர் கூடக்கூட வழுக்கலும் கூடும் என்று இங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தேன். நேர்மாறு. சுழியத்தை ஒட்டி இருக்கும்போதுதான் ஐஸ் மேல் ஈரம் படிந்து மோசமாக வழுக்கும். மைனஸ் 15க்குக் கீழே போனால், இறுகின பனி காலடியில் நொறுநொறுவென்று சத்தம் போடும், சாதாரண டயர்கூட ஓரளவு பிடிக்கும். அதனால் நவம்பரும் மார்ச்சும்தான் ஆணி டயரின் மாதங்கள். ஜனவரியில் அது இருப்பதே மறந்துவிடும். ஔலுவில் சைக்கிள் பாதைகளை நன்றாகப் பராமரிக்கிறார்கள், ஆணியே இல்லாமல் குளிர்காலம் முழுக்க ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். குளிர்கால சைக்கிள் ஓட்டத்துக்கான முதல் சர்வதேச மாநாடு 2013 பிப்ரவரியில் அங்கேதான் நடந்தது. எனக்குப் பரீட்சை, போகவில்லை. ஆனால் அவர்கள் எல்லாம் அஞ்சு வயதிலிருந்து ஐஸில் ஓட்டுகிறவர்கள். நாம் செம்மண்ணில் ஓட்டியவர்கள்.

கையில் ஒரு டயருக்குத்தான் காசு என்றால் முன் சக்கரத்தில் போடுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம். முன் சக்கரம் போனால் ஆளும் போச்சு. புது டயர் போட்டதும் முதல் 40, 50 கிலோமீட்டர் தார் ரோட்டில் மெதுவாக ஓட்டுங்கள், வெடுக்கென்று பிரேக் பிடிக்க வேண்டாம். ஆணிகள் ரப்பருக்குள் சரியாக உட்கார அவ்வளவு ஓட்டம் வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொன்றாகக் கழன்று விழும்.

காற்று விஷயம் எனக்கு அங்கே யாரும் சொல்லித் தரத் தேவைப்படவில்லை. நாலு வரிசை ஆணி உள்ள டயரில் காற்று முழுசாக அடித்தால் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், வெறும் தாரில் லேசாக ஓடும். ஐஸ் வந்தால் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும், டயர் தழைந்து ஓரத்து ஆணிகளும் தரையில் பதியும். இதைப் படித்ததும் அப்பா ஞாபகம்தான் வந்தது. அவர் பால்மரம், அதாவது ரப்பர் மரம் வெட்டியவர், சைக்கிளின் பின்பக்கம் ரப்பர் பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு மர நிரையிலிருந்து ஸ்டோருக்கு வருவார். மழை மாதங்களில் காலையில் கட்டைவிரலால் முன் டயரை அமுக்கிப் பார்த்து, இஸ்ஸென்று கொஞ்சம் காற்றை விடுவார். பின் டயரைத் தொடமாட்டார். பால் கனத்தில் ரிம் அடி வாங்கிவிடும் என்பார். செம்மண் இறக்கத்தில் அவர் விழுந்து நான் பார்த்ததில்லை. ஒரு துளி பால் சிந்தியும் பார்த்ததில்லை.

படிப்பு முடிந்து திரும்பும்போது அந்த இரண்டு டயரையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். அப்பா சைக்கிளில் மாட்டி, மழையில் தோட்டத்து ரோட்டில் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஆசை. அவர் சைக்கிளும் 28 அங்குலம், என் டயரும் 28 அங்குலம். எவ்வளவு நெம்பியும் ஏறவில்லை. டவுனில் சைக்கிள் கடை முதலாளி, தவுக்கே, டயரைக் கையில் வாங்கி, பக்கவாட்டில் இருந்த எண்ணைப் பார்த்துச் சிரித்தார். என் டயர் 622, அப்பாவின் பழைய ரிம் 635. உள்விட்டம் 13 மில்லிமீட்டர் வித்தியாசம், ஆனால் இரண்டுக்கும் ஊரில் பெயர் 28தான். 26 என்பதிலும் இதே வில்லங்கம் உண்டு, 559 ஒன்று, 590 ஒன்று. இங்கே வாங்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுவே முதல் காரணம். அங்கே எந்த சைக்கிள் கிடைக்கும் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. முதலில் சைக்கிளை வாங்குங்கள். ஏற்கெனவே மாட்டியிருக்கும் டயரின் பக்கத்தில் 37-622 மாதிரி ஓர் எண் இருக்கும், அதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். செப்டம்பரிலேயே போங்கள். முதல் ஐஸ் விழுந்த பிறகு போனால் உங்கள் அளவு தீர்ந்திருக்கும். விலையிலும் இங்கே லாபம் இல்லை. யாரும் கடையில் வைத்திருக்காத சாமான், வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மறுபடி விமானத்தில் ஏற்ற வேண்டும்.

கடைசியில் அந்த டயர்களை அண்ணன் மகனின் சைக்கிளில் மாட்டி மழைக்குப் பிறகு ஓட்டினேன். செம்பனைக் காட்டு ரோட்டில் பத்தடி போவதற்குள் களிமண் அப்பி ஆணி கண்ணுக்கே தெரியவில்லை. மண்ணோடு மட்கார்டு அடைத்து சக்கரம் நின்றுவிட்டது. பாலத்து இரும்புத் தகட்டில் இன்னும் மோசம், ஆணிகள் சறுக்கின. கெட்டியான தரையில் ரப்பர் பதிய வேண்டிய இடத்தில் இரும்பு நிற்கிறது, பிடிப்பு குறையத்தானே செய்யும்? அங்கேயும் ஐஸ் இல்லாத நாளில் வளைவுகளில் இதை ஞாபகம் வையுங்கள்.

இன்னும் சில. டிசம்பர் பிற்பாதியில் அங்கே பகல் நாலு மணி நேரம்கூட முழுசாக இருக்காது, நல்ல விளக்கு வாங்குங்கள். பிரேக் கேபிளுக்குள் தண்ணீர் போனால் உறைந்து இறுகிவிடும். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிள் அங்கே சாதாரணமாகக் கிடைக்கும், அதையே எடுங்கள். வழுக்கலைத் தடுக்கப் பாதையில் பொடிக்கல் தூவுவார்கள். பனி கரைந்ததும் அது அப்படியே கிடக்கும், பஞ்சர் அப்போதுதான் வரும்.

ஒரு டயரை அப்பா கோழிக்கூண்டுத் தகரம் காற்றில் பறக்காமலிருக்க மேலே போட்டு வைத்திருக்கிறார். இன்னொன்றை உங்களுக்குத் தரலாமே என்று இன்று காலை பசியாறிவிட்டு எடுத்துப் பார்த்தேன். நம் ஊர் வெயிலில் ரப்பர் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஆணிகள் மட்டும் புதுசு மாதிரி இருக்கின்றன.